பழைய லேப்டாப்பில் நெட்வொர்க் கார்டு காணவில்லையா? எந்தப் படியில் தொலைகிறது என்று பாருங்கள்

வைஃபை வரவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போடுவது. அதில் சரியாகவில்லை என்றால் விண்டோஸையே புதிதாக ஏற்றுவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கார்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். இத்தனைக்கும் நடுவில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: அந்தக் கார்டு கணினியின் கண்ணில் படுகிறதா, இல்லையா?

கண்ணில் படவே இல்லை என்றால் எத்தனை தடவை டிரைவர் போட்டாலும் பயனில்லை. டிரைவர் பேசுவதற்கு எதிரில் ஆள் வேண்டுமே. கண்ணில் படுகிறது, டிரைவர்தான் இல்லை என்றால் புதுக் கார்டு வாங்குவது வீண் செலவு. இரண்டுமே சரியாக இருந்து வீட்டு வைஃபையின் பெயர் மட்டும் பட்டியலில் வரவில்லை என்றால், கோளாறு லேப்டாப்பிலேயே இல்லாமல்கூட இருக்கலாம்.

நான் மனதில் வைத்து எழுதுவது ஏறக்குறைய 2007 முதல் 2015 வரை வந்த லேப்டாப்புகளை. டெல் லாட்டிட்யூட், எச்பி ப்ரோபுக், லெனோவா திங்க்பேட், ஏசர் ஆஸ்பயர் வகையறா. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளும் இந்தக் காலத்தவைதான். இவற்றில் பெரும்பாலானவற்றில் வைஃபை கார்டு தனியாகக் கழற்றி மாட்டும்படி இருக்கும். அது நமக்கு நல்லது.

கையால் பார்க்க வேண்டியவை

பழைய லேப்டாப்புகளில் வைஃபைக்கென்றே தனி ஸ்விட்ச் உண்டு. திங்க்பேட் எக்ஸ்200, டி400 மாதிரி மாடல்களில் முன்பக்க விளிம்பில் சின்னதாகத் தள்ளும் ஸ்விட்ச். டெல் லாட்டிட்யூட் இ6400-இல் பக்கவாட்டில். பல எச்பி மாடல்களில் விசைப்பலகைக்கு மேலே தொட்டால் நிறம் மாறும் விளக்கு. ஆரஞ்சு என்றால் அணைந்திருக்கிறது, நீலம் அல்லது வெள்ளை என்றால் வேலை செய்கிறது. மற்றவற்றில் எஃப்என் பொத்தானோடு ஆன்டெனா படம் போட்ட பொத்தானைச் சேர்த்து அழுத்த வேண்டும். பையில் வைத்து எடுக்கும்போதும், தூசி துடைக்கும்போதும் இந்தத் தள்ளு ஸ்விட்ச் நகர்ந்துவிடும். சில மாடல்களில் இதை அணைத்தால் ப்ளூடூத் டிவைஸ் மேனேஜரிலிருந்தே மறைந்துவிடும், ஏதோ பிடுங்கி எடுத்தது மாதிரி.

ஸ்விட்ச் சரி என்றால் அடுத்தது, லேப்டாப்பை முழுசாக மின்சாரம் இல்லாமல் ஆக்குவது. ஷட் டவுன் கொடுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். திரும்ப மாட்டி ஆன் செய்யுங்கள். இது கைவைத்தியம் போலத் தெரியும். ஆனால் காரணம் இருக்கிறது. அணைத்து வைத்திருந்தாலும் மதர்போர்டின் சில பகுதிகளில் மின்சாரம் கொஞ்சம் ஓடிக்கொண்டே இருக்கும். கார்டுக்குள் இருக்கும் சின்ன நிரல் ஏதோ ஒரு நிலையில் சிக்கிக்கொண்டால், சாதாரணமாக அணைத்துப் போடுவதால் அது விடுபடாது. போதாக்குறைக்கு விண்டோஸ் 8-இலிருந்து வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி, ஷட் டவுன் கொடுத்தாலும் பாதித் தூக்கத்தில்தான் போடும். தூங்கி எழுந்த பிறகு மட்டும் வைஃபை காணாமல் போகிற லேப்டாப்புகள் பல இந்த ஒரு வேலையிலேயே திரும்பி வந்துவிடும்.

டிவைஸ் மேனேஜர் சொல்வதைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் பொறுமையாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

விண்டோஸ் 8.1, 10, 11-இல் ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் டிவைஸ் மேனேஜர் இருக்கும். விண்டோஸ் 7-இல் கம்ப்யூட்டர் ஐகானில் வலது கிளிக் செய்து, மேனேஜ் என்பதற்குள் போக வேண்டும். அங்கே நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்துப் பாருங்கள். நான்கில் ஒரு காட்சி கிடைக்கும்.

கார்டின் பெயர் ஒழுங்காக, எந்தக் குறியும் இல்லாமல் இருக்கிறது என்றால் கார்டும் நலம், டிரைவரும் நலம். பிரச்சினை வேறு இடத்தில். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

கார்டின் பெயர் இருக்கிறது, மேலே கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கிறது என்றால் யாரோ அதை டிசேபிள் செய்திருக்கிறார்கள். வலது கிளிக், எனேபிள். முடிந்தது.

மூன்றாவது காட்சிதான் புதியவர்களை ஏமாற்றுவது. நெட்வொர்க் அடாப்டர்ஸ் வரியில் வைஃபை இல்லை. அதனால் கார்டு இல்லை என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் பட்டியலில் அதர் டிவைசஸ் என்று ஒரு வரி இருக்கும். அதற்குள் நெட்வொர்க் கண்ட்ரோலர் அல்லது ஈதர்நெட் கண்ட்ரோலர் என்று மஞ்சள் முக்கோணத்தோடு ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் உங்கள் கார்டு. விண்டோஸ் அதைப் பார்த்துவிட்டது, யாரென்றுதான் தெரியவில்லை. அதன் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் கோட் 28 என்று காட்டும். டிரைவர் போடப்படவில்லை என்று அர்த்தம். புதிதாக விண்டோஸ் ஏற்றிய பழைய லேப்டாப்பில் இது சர்வ சாதாரணம்.

நான்காவது, எங்கேயும் எதுவுமே இல்லை. அப்போது மேலே வியூ பட்டியலில் மறைந்த சாதனங்களைக் காட்டும் ஷோ ஹிடன் டிவைசஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கார்டின் பெயர் மங்கலாக வந்தால், கோட் 45 காட்டினால், முன்பு இருந்த கார்டு இப்போது பதில் சொல்லவில்லை என்று பொருள். விண்டோஸ் 8-இலோ அதற்குப் பின் வந்தவற்றிலோ மங்கலாகக்கூட வரவில்லை என்றால், இந்த விண்டோஸ் அந்தக் கார்டைப் பார்த்ததே இல்லை. இந்த இரண்டு நிலையிலும் டிரைவரைத் தேடிப் போகாதீர்கள். நேராக பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், போர்டின் அடிப்படை நிரல்) பகுதிக்குத் தாவுங்கள்.

டிரைவர்தான் இல்லை என்றால்

இணையம் இல்லாத லேப்டாப்புக்கு இணையத்திலிருந்து டிரைவர் எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போன் போதும். போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 7-லிருந்து பின்வந்த எல்லாமே இதைத் தனி டிரைவர் இல்லாமல் கம்பி வழி இணையமாக எடுத்துக்கொள்ளும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணையத்தையே லேப்டாப்புக்குக் கொடுக்கும். டேட்டா பேக் கரையாது. சார்ஜ் மட்டும் ஏறும் கேபிள்கள் சில உண்டு, அவற்றில் இது நடக்காது.

அடுத்து, எந்த டிரைவர்? மஞ்சள் முக்கோணத்தில் இருமுறை கிளிக் செய்து, டீட்டெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஒரு சரம் வரும். அதில் வென் என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் வருவது தயாரிப்பாளர் எண், டெவ் என்பதற்குப் பின்னால் வருவது கார்டின் எண். 8086 என்றால் இன்டெல். 14இ4 என்றால் பிராட்காம். 10இசி ரியல்டெக், 168சி அத்திரோஸ், 1814 ராலிங்க். இந்த எழுத்துகள் திரையில் ஆங்கிலத்தில்தான் இருக்கும்; இரண்டு எண்களையும் அப்படியே தேடுபொறியில் போட்டால் கார்டின் சரியான பெயர் வந்துவிடும். ஒரே மாடல் லேப்டாப்பை வேறு வேறு நிறுவனத்தின் கார்டுகளோடு விற்றிருப்பார்கள். அதனால்தான் மாடல் பெயரை மட்டும் பார்த்து டிரைவர் இறக்கினால் பாதி நேரம் பொருந்தாது.

லேப்டாப் தயாரித்தவரின் ஆதரவுப் பக்கத்தில் சீரியல் எண்ணையோ சர்வீஸ் டேக்கையோ கொடுத்து, அங்கிருந்தே இறக்குங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போட்டுத் தருகிறேன் என்று வரும் மென்பொருள்கள் வேண்டாம். அவற்றோடு வேண்டாத விருந்தாளிகள் நாலு பேர் வந்து சேர்வார்கள். விண்டோஸ் 10-க்கான டிரைவர் அங்கே இல்லை என்றால் விண்டோஸ் 7 அல்லது 8-க்கானதை முயலலாம், பல கார்டுகளுக்கு ஒத்துவரும். நிறுவும் கோப்பு அடம்பிடித்தால், அதை ஒரு ஃபோல்டரில் பிரித்து வைத்து, டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் கொடுத்து அந்த ஃபோல்டரைக் கையால் காட்டுங்கள்.

கோட் 10 என்றால் டிரைவர் இருக்கிறது, சாதனம் தொடங்க மறுக்கிறது. கோட் 43 என்றால் சாதனமே கோளாறைச் சொல்லி நின்றுவிட்டது. அண்மையில் விண்டோஸ் அப்டேட் ஆனபிறகு வந்த கோட் 10 என்றால் டிரைவர் பக்கத்தில் ரோல் பேக் பொத்தானை அழுத்திப் பாருங்கள். விட்டு விட்டு மறைகிற கார்டாக இருந்தால் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற கட்டத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய கார்டுகளுக்குத் தூங்கப்போகத் தெரியும், எழுந்திருக்கத்தான் தெரியாது.

பயாஸ்

டெல், ஏசர், ஆசுஸ் என்றால் ஆன் செய்தவுடன் எஃப்2. எச்பி என்றால் எஃப்10. திங்க்பேட் என்றால் எஃப்1. உள்ளே போனால் வயர்லெஸ், டபிள்யூலேன், இன்டெக்ரேட்டட் என்ஐசி, ஐஓ போர்ட் அக்சஸ் என்று ஏதாவது ஒரு பெயரில் கார்டை அணைக்கும் வசதி இருக்கும். அலுவலகத்தில் இருந்து ஏலத்தில் வந்த லேப்டாப் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். பாதுகாப்புக்காக வைஃபையை பயாஸிலேயே பூட்டி வைக்கும் அலுவலகங்கள் உண்டு. பயாஸில் அணைத்த கார்டு விண்டோஸின் வழக்கமான பட்டியலில் வரவே வராது. எதைத் தொடுவது என்று புரியவில்லை என்றால் லோட் டிஃபால்ட்ஸ் கொடுத்துச் சேமியுங்கள். ஒரு எச்சரிக்கை: ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா மோடு என்ன என்று முன்பே குறித்து வையுங்கள். டிஃபால்ட் கொடுத்ததில் அது மாறிவிட்டால் விண்டோஸ் திறக்காமல் போகலாம்.

அப்படியே தேதியையும் பாருங்கள். பல வருடம் பின்னால் காட்டினால் போர்டில் உள்ள நாணய பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032, தீர்ந்துவிட்டது. தேதி தவறாக இருந்தால் கார்டு நன்றாக இருந்தும் இணையதளங்கள் பாதுகாப்புப் பிழை காட்டித் திறக்காது. அதையும் நெட் வரவில்லை என்றுதான் சொல்வார்கள்.

பென் டிரைவில் லினக்ஸ்: நடுவர் தீர்ப்பு

லேப்டாப்பைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை (விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளங்கள்) ரூஃபஸ் மென்பொருளால் ஏற்றி, அதிலிருந்து லேப்டாப்பைத் தொடங்குங்கள். நிறுவ வேண்டாம், டிரை என்று கேட்கும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் ஓடும். மிகப் பழைய 32 பிட் ஆட்டம் நெட்புக் என்றால், நிறுவாமலே ஓடும் 32 பிட் லினக்ஸ் பதிப்பு ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டி எண்டர் அழுத்துங்கள். போர்டோடு பேசுகிற எல்லாச் சாதனங்களும் வரிசையாக வரும். நெட்வொர்க் கண்ட்ரோலர் என்ற வரி இருந்தால் கார்டு உயிரோடு இருக்கிறது; உங்கள் சிக்கல் விண்டோஸில்தான். வைஃபை ஓடவில்லை என்றாலும் கவலை வேண்டாம், பிராட்காம் கார்டுகள் லினக்ஸில் கூடுதல் ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் நிரல்) இல்லாமல் பெரும்பாலும் ஓடாது. வரி இருக்கிறதா என்பதுதான் நமக்கு முக்கியம்.

வரி இல்லை என்றால் மென்பொருள் பக்கம் இனி திரும்பிப் பார்க்க வேண்டாம். பயாஸ், ஸ்லாட் (கார்டைச் செருகும் இடம்), கார்டு, போர்டு, இந்த நான்கில் ஒன்று.

வரி இருந்து, வைஃபை மட்டும் ஆன் ஆக மறுக்கிறது என்றால் ஆர்எஃப்கில் லிஸ்ட் (ஆர், எஃப், கே, ஐ, எல், எல், ஓர் இடைவெளி, பிறகு எல், ஐ, எஸ், டி) என்ற கட்டளையைத் தட்டுங்கள். ஹார்ட் பிளாக்ட் என்பதற்கு நேராக யெஸ் என்று வந்தால் ஸ்விட்ச் அல்லது அதற்குப் போகும் இணைப்பு அணைந்த நிலையில் நிற்கிறது. இந்த நிலைக்கு, மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டின் 20-ஆம் பின்னில் டேப் ஒட்டும் வைத்தியம் ஒன்று பலரும் சொல்வார்கள். அந்தப் பின்தான் ரேடியோவை அணைக்கும் செய்தியைக் கொண்டுவருவது, அதனால் வைத்தியம் உண்மைதான். ஆனால் அது ஸ்விட்ச் பழுதுக்கு மட்டும். கண்டுபிடிக்கவே படாத கார்டுக்கு டேப் ஒட்டி ஒரு பயனும் இல்லை.

திறந்து பார்ப்பது

சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிய பிறகே ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றால், மூடியைத் திறந்ததும் முதல் வேலை அதன் கனெக்டரைப் பிடுங்குவது. கம்பளி, நைலான் விரிப்பில் உட்கார்ந்து செய்யாதீர்கள். இரும்பு ஜன்னல் கம்பி மாதிரி ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்கலாம்.

பல மாடல்களில் அடியில் ஒரு சின்ன மூடிக்குள்ளேயே கார்டு இருக்கும். சில திங்க்பேட்களில் விசைப்பலகையையும் கைவைக்கும் பகுதியையும் எடுக்க வேண்டும். உங்கள் மாடலின் ஹார்ட்வேர் மெயின்டெனன்ஸ் மேனுவலை இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஸ்க்ரூவும் படத்தோடு இருக்கும். கார்டு இரண்டு அளவில் வரும்: ஏறக்குறைய 5 செ.மீ. நீளமுள்ள முழு அளவு, அதில் பாதியான அரை அளவு. அகலம் இரண்டுக்கும் 3 செ.மீ. 2013-க்குப் பிறகு வந்த சில லேப்டாப்புகளில் இதைவிடச் சின்னதான எம்.2 கார்டு இருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று நுழையாது.

முதலில் போனில் ஒரு படம் எடுங்கள். எந்த ஒயர் எந்த முனையில் என்பது பிறகு மறந்துவிடும். கார்டின் மேல் ஒட்டியிருக்கும் இரண்டு அல்லது மூன்று மெல்லிய ஒயர்கள் ஆன்டெனாவுக்குப் போகிறவை. அவற்றை ஒயரைப் பிடித்து இழுக்காமல், வட்டத் தலையின் அடியில் நகத்தைக் கொடுத்து நேர்மேலாகத் தூக்குங்கள். இந்த ஒயர் கழன்றிருந்தால் சிக்னல் குறையுமே தவிர, கார்டு காணாமல் போகாது. இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஸ்க்ரூவை எடுத்ததும் கார்டு தானே சாய்வாக எழும்பும். அதே சாய்வில் இழுத்தால் வந்துவிடும். தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள் ஒன்றுகூட ஸ்லாட்டுக்குள் போகாதபடி துடையுங்கள். மொபைல் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்) திரவம் கிடைத்தால் அது இன்னும் நல்லது. கடலோர ஊர்களில் பத்து வருடம் இருந்த லேப்டாப்பில் இந்தப் பற்களில் உப்புக்காற்றின் கறை கண்ணுக்கே தெரியும். திரும்பச் சாய்வாக முழு ஆழத்துக்கும் செருகி, அழுத்தி, ஸ்க்ரூ போடுங்கள். பாதி செருகிய கார்டும் காணாமல் போன கார்டுதான்.

இதற்கும் வரவில்லை என்றால், நன்றாக ஓடுகிற இன்னொரு லேப்டாப்பின் கார்டை இதில் போட்டுப் பாருங்கள். அது வந்தால் உங்கள் கார்டு போய்விட்டது. அதுவும் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்லாட் அல்லது போர்டு.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. அந்தக் காலத்து எச்பி, லெனோவா மாடல்கள் பலவற்றில் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் ஒன்று பயாஸுக்குள் இருக்கும். பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் ஆன் ஆகும்போதே நின்றுவிடும்: திங்க்பேட்டில் 1802 என்ற பிழை, எச்பியில் 104. இதைப் பார்த்து போர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். கார்டை எடுத்தால் பழையபடி ஓடும். மாற்றுக் கார்டு வாங்கும்போது இந்த மாடல்களுக்கு மேனுவலில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். லெனோவாவில் எஃப்ஆர்யூ எண், எச்பியில் ஸ்பேர் பார்ட் எண். ஒரே இன்டெல் கார்டிலும் லெனோவா எண் போட்டது ஓடும், பொதுவாக விற்பது ஓடாது. பட்டியலை நீக்கிய பயாஸ் கோப்புகள் வெளியே கிடைக்கும்தான். பயாஸ் ஏற்றுவது நடுவில் நின்றால் லேப்டாப்பே போய்விடும், ஆகவே புதியவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

கேபிள் வழி இணையம் போனால்

லேன் சிப் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், கழற்ற முடியாது. கேபிள் செருகியதும் போர்ட்டின் அருகே விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் வேறு கேபிள், ரவுட்டரில் வேறு துளை. ஐப்பசி மழையில் இடி இடித்த மறுநாள் லேன் மட்டும் காணாமல் போயிருந்தால் கேபிள் வழியாக வந்த மின்னழுத்தம் சிப்பைச் சாப்பிட்டிருக்கும். யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்வதுதான் அதற்கு வழி.

கார்டு இருக்கிறது, வைஃபை பெயர் மட்டும் வரவில்லை

பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மட்டும் ஆன் ஆகி இருந்தால், போனில் வரும் பெயர் லேப்டாப்பில் வராது. ரவுட்டரில் 2.4-ஐயும் ஆன் செய்யுங்கள். பெயர் வந்தும் சேர மறுத்தால் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றினால் போதும். விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக் நின்றுபோயிருந்தாலும் பெயர்ப் பட்டியல் காலியாக இருக்கும். அதை ஸ்டார்ட் செய்து, ஆட்டோமேட்டிக் என்று வையுங்கள்.

யூஎஸ்பி வைஃபை அடாப்டர்

ஸ்லாட்டோ போர்டோ போய்விட்டது என்று உறுதியானால் போர்டு வேலைக்குச் செலவழிக்காதீர்கள். நகம் அளவுள்ள யூஎஸ்பி அடாப்டர் போதும். பழைய லேப்டாப்புகள் பலவற்றில் யூஎஸ்பி 2.0 துளைதான் இருக்கும். அதன் உச்ச வேகமே 480 எம்பிபிஎஸ் என்பதால் விலை உயர்ந்த அடாப்டர் வாங்கி லாபமில்லை. பக்கத்து வீட்டு வைஃபைகள் நெரிசலாக இருக்கும் அடுக்குமாடி என்றால் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் இரட்டை அலைவரிசை அடாப்டராகப் பாருங்கள்.

செருகியதும் வைஃபைக்குப் பதிலாக ஒரு சிடி டிரைவ் தோன்றினால் குழம்ப வேண்டாம். சில அடாப்டர்கள் தம் டிரைவரை உள்ளேயே வைத்துக்கொண்டு முதலில் சிடி போலக் காட்டிக்கொள்ளும். அதற்குள் இருப்பதை நிறுவினால் அது வைஃபையாக மாறிவிடும். அப்புறம், விட்டு விட்டு வந்துகொண்டிருந்த பழைய கார்டை பயாஸிலோ டிவைஸ் மேனேஜரிலோ டிசேபிள் செய்துவிடுங்கள். இல்லையென்றால் அது திடீரென விழித்துக்கொள்ளும் நேரத்தில் விண்டோஸ் அதன் வழியாக இணைய முயன்று, ஓடிக்கொண்டிருந்த இணைப்பும் தடுமாறும்.